ஆற்றங்கரையில் ஒரு மாதம், கையில் சாம்பல் வாளி

ஏப்ரல் 30, புதன்

சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரிகனில் உள்ள புல்லர்ட்ஸ் பீச் மாநிலப் பூங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். கலிபோர்னியாவின் கிரசென்ட் சிட்டியில் மதியம் கிளம்பியது. 101 நெடுஞ்சாலையில் இடது கைப்பக்கம் கடல் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. காற்று அடித்த அடியில் ட்ரெய்லர் இரண்டு முறை ஆட்டம் கண்டது. கோல்ட் பீச் தாண்டி ஒரு ஓரத்தில் நிறுத்தி, காற்று கொஞ்சம் தணியும்வரை உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். பாண்டன் ஊரைத் தாண்டி கோக்கீல் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் இடது பக்கம் பூங்காவின் நுழைவாயில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவரும் நானும் 2022-இல் ஃப்ரீமான்ட் வீட்டை விற்றுவிட்டு 28 அடி ட்ரெய்லருக்குக் குடிவந்தவர்கள். ஒரு பிக்கப் டிரக் அதை இழுக்கிறது. இவருக்கு வயது 66, எனக்கு 60. ஊர் ஊராகச் சுற்றுலா போகிறோம் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. போகிற இடத்தில் எல்லாம் வேலை செய்கிறோம். இந்த மே மாதம் முழுவதும் இந்தப் பூங்காவில் கேம்ப் ஹோஸ்ட், அதாவது கூடாரத்தோடும் வண்டியோடும் தங்க வருகிறவர்களின் முகாமைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் ஒரு டாலர்கூடக் கிடையாது. வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் எல்லாம் இலவசம். பதிலுக்கு ஆளுக்கு வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

வண்டியை நிறுத்துவது ஒரு சடங்கு மாதிரி. நான் பின்னால் நின்று கை காட்டுவேன், இவர் பின்னோக்கி ஓட்டுவார். முதலில் இடம் வலம் மட்டம் பார்க்க வேண்டும். தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை. அப்புறம் சக்கரம் உருளாமல் கட்டை வைத்த பிறகுதான் டிரக்கிலிருந்து கொக்கியைக் கழற்றுவது. இந்த வரிசை தப்பினால் ட்ரெய்லர் தன் பாட்டுக்கு நகர்ந்துவிடும். அடுத்து முன்பின் மட்டம், நான்கு மூலைக்கும் ஊன்றுகால், மின்சாரம், தண்ணீர்க் குழாய். கடைசியாகக் கழிவுக் குழாய். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். நடுவில் ரெகுலேட்டர் மாட்டாவிட்டால் வண்டிக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வெடித்துவிடும்.

ஏழு மணிக்குக் காபி போட்டு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சுற்றிலும் குட்டையான கடற்கரைப் பைன் மரங்கள். கடல் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தாலும் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் கேட்கிறது.

மே 1, வியாழன்

காலையில் பயிற்சி. ரேஞ்சர் ஒரு இளம்பெண், என் மகள் வயதுதான் இருக்கும். ஆளுக்கொரு மேலங்கி, ஒரு வாக்கி டாக்கி, சாவிக்கொத்து, வரைபடம் கொடுத்தார். முகாம் மூன்று வளையங்களாகப் பிரிந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வளையம்.

வேலை இதுதான். பகல் ஒரு மணிக்குள் பழைய ஆட்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நாலு மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில், காலியான ஒவ்வொரு இடத்துக்கும் போய்க் குப்பை பொறுக்கி, தரையை வாரி, மேசையைத் துடைத்து, அடுப்பு வளையத்தில் இருக்கும் சாம்பலை அள்ளி, யார் பெயரில் பதிவு என்ற சீட்டைக் கம்பத்தில் செருக வேண்டும். மாலையில் விறகு விற்பனை. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று சொல்லிக்கொண்டு ஒரு சுற்று.

கடைசியாக ரேஞ்சர் இன்னொரு வரைபடத்தை விரித்தார். சுனாமி வந்தால் தப்பிக்கும் வழி. "தரை ஆடினால் சைரனுக்காகக் காத்திருக்காதீங்க. ஆட்டம் நின்றதும் மேட்டைப் பார்த்து நடங்க. காரை எடுக்கப் போகாதீங்க. போகிற வழியில் உங்க வளையத்தில் இருக்கிறவங்களையும் கூப்பிட்டுக்குங்க." இந்தக் கரைக்கு நேரே கடலுக்கடியில் காஸ்கேடியா என்ற நிலத்தட்டு விளிம்பு இருக்கிறது. 1700-ஆம் ஆண்டு ஜனவரி 26 இரவு அங்கே சுமார் 9 அளவில் நிலநடுக்கம். அந்தத் தேதி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அந்த அலை பசிபிக்கைத் தாண்டி ஜப்பானில் ஏறியதுதான். தரை ஆடாமலே அலை வந்ததே என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 டிசம்பர் 5-ஆம் தேதிகூட, வட கலிபோர்னியாவுக்கு வெளியே 7 அளவில் ஆடியபோது இந்தக் கரைக்கும் சுனாமி எச்சரிக்கை வந்து, பிறகு ரத்து செய்யப்பட்டது.

நான் கடலூர்க்காரி. 2004-இல் எங்களுக்கு இங்கே கிறிஸ்துமஸ் ராத்திரி, ஊரில் மறுநாள் காலை. தொலைக்காட்சியில் தேவனாம்பட்டினத்தைக் காட்டினார்கள். அம்மாவுக்கு முப்பது வருஷம் மீன் கொண்டுவந்து கொடுத்த மீன்காரம்மா அங்கேதான் இருந்தார். அவரையும் பேரப்பிள்ளை ஒருவனையும் அலை எடுத்துக்கொண்டது. அங்கே அன்றைக்கு எந்தத் தெருவிலும் ஒரு அம்புக்குறி இருக்கவில்லை. "ஓடு" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் இவரைக் கூட்டிக்கொண்டு அந்த வழியை இரண்டு முறை நடந்து பார்த்தேன். ஒரு முறை பகலில், ஒரு முறை இருட்டியபின் டார்ச்சோடு.

மே 3, சனி

சாம்பல் அள்ளுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒவ்வொரு இடத்திலும் தரையில் ஒரு இரும்பு வளையம். அதற்குள்தான் தீ மூட்ட வேண்டும். ஆட்கள் போன பிறகு பார்த்தால் மேலே சாம்பல் வெள்ளையாக, ஆறிப்போனது மாதிரி அமைதியாகக் கிடக்கும். அதை நம்பக் கூடாது. முதலில் புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடிக்க வேண்டும். உள்ளங்கை காய்த்துப்போனது, அதற்கு நிதானம் தெரியாது. புறங்கைக்குச் சின்னச் சூடுகூடத் தெரியும். அப்புறம் மண்வெட்டியால் அடிச்சாம்பலைக் கிளறினால், உள்ளே மாம்பழக் கொட்டை அளவுக்கு ஒரு கங்கு சிவப்பாக விழித்துப் பார்க்கும். தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி. மறுபடி கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். சீறல் நின்று, கூழ் மாதிரி ஆகி, புறங்கையில் குளிர்ச்சி தெரிந்த பிறகுதான் அள்ளி இரும்பு வாளியில் போடலாம்.

போன வருஷம் வேறொரு முகாமில், ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளிவிட்டேன். பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் உருகி, கீழே கிடந்த பைன் சருகில் தீப்பிடித்தது. பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருந்ததால் பிழைத்தோம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அதிலிருந்து இரும்பு வாளி இல்லாமல் நான் ஒரு வளையத்தையும் தொடுவதில்லை.

இன்று பதினோரு இடம். மூன்றில் கங்கு இருந்தது.

தீயை அணைப்பதாக நினைத்துச் சிலர் மேலே மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். அது அணைப்பதில்லை, பொத்தி வைப்பது. மணலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் சூடாகவே கிடக்கும். அடுத்து வரும் குழந்தை வெறுங்காலோடு மிதிக்கும். விறகு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் இதைத்தான் சொல்கிறேன்: தண்ணீர், கிளறல், மறுபடி தண்ணீர்.

மே 6, செவ்வாய்

இன்று விடுமுறை. துணி துவைத்தேன், இட்லிக்கு அரைத்தேன். இந்தக் குளிரில் மாவு சும்மா வைத்தால் புளிக்காது, பகலிலேயே 15 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, வெந்நீர் ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தால் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் ஆகிறது. ஆனால் பொங்கி வருகிறது.

அண்ணன் கடலூரிலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, மாப்பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கு? இன்னும் அந்த வண்டியிலதான் இருக்கீங்களா? வீட்டை வித்துட்டு இந்த வயசுல நாடோடி மாதிரி... ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது?" அவர் கோபமாகக் கேட்கவில்லை, கவலையில் கேட்கிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் மனசில் தைக்கிறது.

கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறே இருக்கின்றன, அவற்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் முகவரி இல்லாமல் எதுவும் நடக்காது. எங்கள் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி சவுத் டகோட்டாவில், கடிதங்களை வாங்கி அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தினுடையது. அந்த மாநிலத்தில் ஒரு இரவு தங்கிய ரசீதைக் காட்டித்தான் உரிமம் வாங்கினோம். வண்டியில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் சவுத் டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைத்தான் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் மருத்துவக் காப்பீடு அந்த முகவரியை ஒட்டித்தான் கிடைக்கும். இவருக்கு 65 தாண்டிவிட்டதால் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்துவிட்டது, எந்த மாநிலத்திலும் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. என்னுடைய காப்பீட்டில் மற்ற மாநிலங்களில் அவசரச் சிகிச்சை மட்டும்தான். போன வருஷம் ஒரு பல்லுக்காகவும் ஒரு பரிசோதனைக்காகவும் இரண்டு நாள் வண்டி ஓட்டிக்கொண்டு போனோம். இந்த வாழ்க்கைக்கு ஆசைப்படும் தோழிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பணத்துக்கு, இவருடைய சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம் வருகிறது. அது போதாத இடத்துக்கு அக்டோபர் இருக்கிறது. வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையில் ரெட் ரிவர் சமவெளியில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். லாரி லாரியாக வரும் கிழங்கு இயந்திரத்தில் ஏறி மலைமாதிரி குவியும். நாங்கள் லாரிகளுக்கு வழிகாட்டி, மாதிரிக்குப் பையில் கிழங்கு பிடித்து, சிந்தியதை வாரித் தள்ளுவோம். வெயில் ஏறினாலும் வேலை நிற்கும், உறைபனி விழுந்தாலும் நிற்கும், ஏனென்றால் சூடான கிழங்கும் உறைந்த கிழங்கும் குவியலில் அழுகிவிடும். உடம்பு முறிகிற வேலை, நல்ல கூலி. அந்தக் கூலியில்தான் இந்த மே மாதம்.

மே 9, வெள்ளி

மளிகை வாங்க பாண்டன் போனோம். வழியில் சாலையோரப் புதரில் தகதகவென்று மஞ்சள் பூ. கண்ணாடியை இறக்கினேன். தேங்காய் வாசனை! யாரோ தேங்காய் துருவி வைத்தமாதிரி. எங்கேயோ ஒரு தமிழ் வீடு இருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். இறங்கிப் போய் மோந்து பார்த்தால் அந்தப் பூவேதான். இலையெல்லாம் முள். கோர்ஸ் என்று பெயர்.

கடையில் விசாரித்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் முகம் மாறிவிட்டது. "அது செடி இல்லைம்மா, பெட்ரோல்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் சொந்த ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி. அதில் எண்ணெய் அதிகம், பச்சையாக இருக்கும்போதே பற்றிக்கொள்ளும். 1936 செப்டம்பர் 26 அன்று காட்டுத்தீ காற்றோடு திரும்பி ஊர்ப்பக்கம் வந்தது. தெருவெல்லாம் இந்தப் புதர். ஊர் ஒரே ராத்திரியில் எரிந்துபோனது. ஒரு சில கட்டிடங்கள்தான் மிச்சம். ஜனங்கள் ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் ஓடி உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஊர் நினைவுக்கு ஒரு செடி. அயர்லாந்துக்காரரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. என் ட்ரெய்லர் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. எலுமிச்சைத் தோட்டங்களைத் தாக்கும் பூச்சி பரவாமல் இருக்கக் கலிபோர்னியா எல்லைச் சாவடியில் கறிவேப்பிலைச் செடியைத் தடுப்பார்கள் என்று தெரிந்ததிலிருந்து, அந்த மாநிலத்துக்குள் போவதற்கு முன் தொட்டியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, வெளியே வந்ததும் புதுச்செடி தேடுகிறேன். இப்போது இருக்கும் செடி என்னிடம் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அதுவும் ஒரு நண்பர் ஒரிகனில் வளர்த்துத் தந்தது.

விறகுக்கும் இதே கதைதான். வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள் என்று வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறோம். மரகதப் பச்சையில் ஒரு சின்ன வண்டு; 2002-இல் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள். பட்டைக்கு அடியில் புழுவாக ஒளிந்துகொண்டு விறகோடு விறகாக ஊர் மாறும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துவிட்டு 2022-இல் ஒரிகனின் ஃபாரஸ்ட் குரோவுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இங்கேயே வாங்கி இங்கேயே எரிக்கச் சொல்கிறோம்.

மே 13, செவ்வாய்

நேற்றிலிருந்து மழை. காலையில் நான் மின் அடுப்பில் தோசைக்கல்லைப் போட, ஹீட்டரும் ஓட, இவர் வெந்நீர் சுவிட்சையும் போட, எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. எங்கள் வண்டிக்கு 30 ஆம்பியர். 120 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 3600 வாட், அவ்வளவுதான். அடுப்பு 1800, ஹீட்டர் 1500, வெந்நீர் 1400. ஏதாவது இரண்டு ஓடலாம், மூன்றாவது ஓடாது. இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், ஆனாலும் குளிர் காலையில் மறந்துபோகிறது.

பத்து மணிக்கு ஒரு இளம் தம்பதி வந்து தயங்கித் தயங்கி நின்றார்கள். புது வண்டி, முதல் பயணம். கழிப்பறைத் தொட்டி நிரம்பிவிட்டது, திறந்தால் எதுவும் இறங்கவில்லை. விஷயம் எனக்கு உடனே புரிந்தது. குழாய் மாட்டியதும், கறுப்புத் தொட்டி என்று சொல்லும் அந்தக் கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். வீட்டுக் கழிப்பறை மாதிரி அது பாட்டுக்குப் போகட்டும் என்று. அப்படிச் செய்தால் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது அடியில் கோபுரமாகக் காய்ந்து நிற்கும். வால்வை மூடி வைத்து, தொட்டி முக்கால் நிரம்பிய பிறகு ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அதன் பின்னால் குளியல் தண்ணீர் சேரும் இன்னொரு தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

இவர் மழைக்கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு போனார். வால்வை மூடி, கழிப்பறை வழியாக வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, சாயங்காலம் திறந்தார்கள். இறங்கிவிட்டது. அந்தப் பையன் கண் கலங்கி இவர் கையைப் பிடித்துக்கொண்டான். முப்பது வருஷம் அலுவலகத்தில் எத்தனையோ பாராட்டுப் பத்திரம் வாங்கியவர், அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

மே 17, சனி

இன்று நாலரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. யர்ட்டுக்குப் பதிவு செய்திருந்த குடும்பம். யர்ட் என்றால் வட்ட வடிவக் கூடாரம், ஆனால் கட்டில், ஹீட்டர், பூட்டு எல்லாம் உண்டு. கதவு திறந்ததும் "பாத்து இறங்குங்க பாட்டி" என்று ஒரு குரல். எனக்குக் கையிலிருந்த மண்வெட்டி நழுவிவிட்டது.

போர்ட்லாண்டில் இருக்கும் பிள்ளைகள், திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பாட்டி. எண்பதைத் தொட்டிருப்பார். சேலைக்கு மேல் பேரனின் குளிர்க்கோட்டு. நான் தமிழில் "வாங்க, வாங்க" என்றதும் அப்படியே நின்று என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மேலங்கி, கையில் சாம்பல் வாளி, ரப்பர் பூட்ஸ்.

"நம்ம ஊர்ப் பிள்ளையா? ஏந்தாயி, சாம்பல் அள்ளவா இவ்வளவு தூரம் வந்தே?"

பேத்தி பதறிப்போய் "பாட்டி!" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் மூன்று வருஷமாகக் கேட்கிற கேள்வியை இவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"பாட்டிம்மா, காலையில எந்திரிச்சு வாசல் தெளிச்சுக் கோலம் போடுறோம்ல, யாருக்காகப் போடுறோம்? வீட்டுக்கு வர்றவங்களுக்காகத்தானே? எனக்கு இங்க நாப்பது வாசல் இருக்கு. தினம் யாராவது வர்றாங்க. நான் கூட்டி வெச்ச எடத்துல அவங்க பிள்ளைங்க ரெண்டு நாள் சந்தோசமா இருந்துட்டுப் போவுது. எனக்கு இது பிடிச்சிருக்கு."

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வாளியை எட்டிப் பார்த்தார். மேலாக இருந்த சாம்பலை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "நைஸா இருக்கே. பாத்திரம் தேய்க்க ஆகும்."

மே 18, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு யர்ட் பக்கம் போனால், பாட்டி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் நேற்று விறகுத் தீயில் வைத்துக் கரிபிடித்த அலுமினியப் பாத்திரம். பக்கத்தில் ஒரு காகிதத் தட்டில் ஆறிய சாம்பல். தேங்காய் நாருக்குப் பதில் பழைய துணி. தேய்க்கிறார், தேய்க்கிறார். சுற்றி நாலு வெள்ளைக்காரக் குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு பார்க்கின்றன. அடியில் இருந்த கரி வழிந்து, பாத்திரம் புதுசு மாதிரி மின்னியது. ஒரு சிறுமி தன் வீட்டுக் கடாயை ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டினாள். பாட்டி தமிழிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார், "வட்டமாத் தேய்க்கணும் கண்ணு, வட்டமா." அவளும் வட்டமாகத் தேய்த்தாள்.

மதியம் இட்லியும், இவர் ஆற்றில் பிடித்த நண்டில் வைத்த குழம்பும் கொடுத்தேன். டஞ்சனெஸ் நண்டு, ஆண் நண்டைத்தான் எடுக்கலாம், ஓட்டின் அகலம் குறைந்தது ஐந்தே முக்கால் அங்குலம் இருக்க வேண்டும், அளந்து பார்த்துத்தான் கூடையில் போட வேண்டும். பெண் நண்டை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்றதும் பாட்டிக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் கூட்டி வெச்சிருக்கே தாயி" என்றார். அவர் இருந்த இடத்தின் அடுப்பு வளையத்தை நான் போய்ப் பார்த்தேன். யாரோ ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிக் கிளறி வைத்திருந்தார்கள். கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

மே 25, ஞாயிறு

மெமோரியல் டே நீண்ட வார இறுதி. ஒரு இடம் காலி இல்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் பதிவு திறந்தபோதே பிடித்துவிட்டார்கள். மூன்று நாளாக நின்ற காலில் நிற்கிறோம். விறகு, பனிக்கட்டி எங்கே கிடைக்கும், நாயைக் காணோம், நாய் கிடைத்துவிட்டது, குழந்தை சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டது.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குக் காற்று திரும்பியது. தூக்கத்தில் புகை வாசனை வந்து எழுந்துவிட்டேன். டார்ச்சோடு ஒரு சுற்று போனேன். ஒரு இடத்தில் எல்லோரும் கூடாரத்துக்குள் தூங்குகிறார்கள், வளையத்தில் பெரிய கட்டை ஒன்று பாதி எரிந்து, காற்று வரும்போதெல்லாம் பொறியைப் பைன் மரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு பொறி சருகில் விழுந்து கையகலத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. மிதித்து அணைத்தேன். குழாயிலிருந்து நாலு வாளி தண்ணீர். சீறல் சத்தத்தில் உள்ளே இருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் பின்னால் பைஜாமாவோடு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். மண்வெட்டியை அவரிடம் கொடுத்து, "கிளறுங்க, நான் ஊத்தறேன்" என்று மட்டும் சொன்னேன். இருவருமாகச் சேர்ந்து அரை மணி நேரம் செய்தோம். முடிவில் அவரையும் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். படுக்கையில் வந்து விழுந்த பிறகும் 1936-தான் கண்ணுக்குள் நின்றது.

இன்று காலை அந்தச் சின்னப் பெண் பக்கத்து இடத்துக்காரர்களின் வளையத்தின் மேல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். "இது இன்னும் சூடா இருக்கு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

மே 31, சனி

இன்று கிளம்புகிறோம். விடியலில் ஆற்றின் முகத்துவாரம்வரை போய்க் கலங்கரை விளக்கத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தோம். 1896-இல் கட்டியது. 1939-இல் விளக்கை அணைத்துவிட்டார்கள். ரொம்ப நாள் பாழாகக் கிடந்ததை 1970-களில் பழுதுபார்த்து எடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவரில் காற்று கொண்டுவந்த மணல் படிந்திருந்தது. ஒரு பெரியவர் துடைப்பத்தோடு படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் போல அவரும் வண்டியில் வாழ்கிறவர்தான் என்று மேலங்கியைப் பார்த்ததும் தெரிந்தது. கை அசைத்தோம், அவரும் அசைத்தார்.

ஜூன் முதல் மூன்று மாதம் காஸ்கேட் மலையில் வனத்துறைக் காட்டில் ஒரு முகாம். அங்கே மணிக்கூலி உண்டு, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் கிடையாது. சூரியத் தகடும் ஜெனரேட்டரும்தான். வெளிச்சம் குறைந்த அன்று தோசை கிடையாது.

பதினொரு மணிக்கு அடுத்த ஹோஸ்ட் தம்பதி வந்துவிட்டார்கள். முதல் முறையாக இந்த வேலைக்கு வருகிறார்களாம். அந்தம்மா கையில் புத்தம்புது பிளாஸ்டிக் வாளி. நான் என் இரும்பு வாளியைக் கொடுத்தேன். அடி கறுத்து, ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. எனக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு பேருமாகப் பக்கத்து இடத்துக்குப் போனோம். காலையில்தான் காலியானது, சாம்பல் வெள்ளையாகக் கிடந்தது. அவர் உள்ளங்கையை நீட்டினார். "திருப்புங்க" என்றேன்.